300 ஆண்டுகளாக நிற்கும் கிழவர்

அமெரிக்காவில் உள்ள சிகாகோ நகரில் ஒரு கிழவர் இருக்கிறார். அவர் எப்போதும் நின்றுகொண்டே இருக்கிறார். ஒரு நாளும் உட்கார்ந்தது இல்லை.

இன்று நேற்று அல்ல. 300 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறார்!

முதுகில் ஒரு பெரிய பெட்டி. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. உடம்பிலே பழைய உடுப்பு. வழி நெடுக நடந்து வந்து, யாரோ கூப்பிட்டதால் சற்றே நின்றவர் போல நிற்கிறார்.

கிழவர் மனிதர் அல்ல, படம். காகிதத்தில் வரைந்த படம். வர்ணம் குழைத்துத் தூரிகையால் தீட்டியது அல்ல. சிவப்புக் கட்டி ஒன்று, கறுப்புக் கட்டி ஒன்று. இந்த இரண்டையும் கையில் பிடித்து, ஒரு பிரெஞ்சு ஓவியர் சுமார் 1715-ம் ஆண்டில் வரைந்தார்.

படத்தின் உயரம் 14 அங்குலம். அகலம் 9 அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. பள்ளிக்கூடப் பையனின் சிலேட்டை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்!

"சவாய் நாட்டுக் கிழவர்" என்பது படத்தின் பெயர். அது கிழவரின் பெயர் அல்ல. அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. வரைந்தவர் பெயர் மட்டும் உலகத்துக்குத் தெரியும். ஆந்துவான் வாத்தோ என்று பெயர்.

விவேகானந்தர் பேசிய கட்டிடம்

கிழவர் இருக்கிற இடம் சிகாகோ கலைக்கூடம். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் காவல் நிற்கும் பெரிய கட்டிடம். 1964-ம் ஆண்டில் இந்தப் படம் அங்கே போய்ச் சேர்ந்தது.

அந்தக் கட்டிடத்துக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1893-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி, சர்வமத மகாசபையில் சுவாமி விவேகானந்தர் எழுந்து பேசினாரே, அந்தச் சபை நடந்தது இந்தக் கட்டிடத்தில்தான்! அவரைக் கப்பலேற்றி அனுப்ப, சென்னையில் அளசிங்கப் பெருமாள் என்ற ஆசிரியரும் நண்பர்களும் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டினார்கள். அந்தக் கலைக்கூடத்துக்கு எதிரே உள்ள சாலைக்கு இன்று விவேகானந்தர் பெயரும் உண்டு.

அது இருக்கட்டும். நம் கிழவரிடம் வருவோம்.

பெட்டிக்குள் என்ன?

பிரான்சு நாட்டின் கிழக்கு ஓரத்தில் ஆல்ப்ஸ் மலை இருக்கிறது. அந்த மலைமேல் உள்ள நாடு சவாய். இன்று அது பிரான்சில் ஒரு பகுதி. கிழவர் காலத்தில் அப்படி இல்லை. தனி அரசர் ஆண்ட தனி நாடு. 1860-ம் ஆண்டில்தான் பிரான்சுடன் சேர்ந்தது.

சவாய் ஏழை நாடு. மலைச்சரிவில் துண்டு துண்டாக நிலம். கோடையில் விளைந்தது வயிற்றுக்குக் காணாது. குளிர்காலம் வந்ததும் பனி கொட்டும். பாதைகள் மூடிவிடும். பல மாதங்களுக்கு வயலில் வேலையே கிடையாது. வீட்டில் சும்மா இருந்தால், இருக்கிற தானியத்தைத் தின்று தீர்க்க வேண்டியதுதான்.

ஆகவே என்ன செய்வார்கள்? பனி விழுவதற்கு முன்பே ஆண்கள் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அப்பன், பிள்ளை, பேரன் என்று கூட்டமாக நடப்பார்கள். பாரீஸ் நகரம் வரை நடப்பார்கள். வசந்த காலம் வந்ததும் கொஞ்சம் காசோடு ஊர் திரும்புவார்கள். திரும்பாதவர்களும் உண்டு.

பாரீஸில் அவர்களுக்கு என்ன வேலை?

சின்னப் பையன்கள் புகைபோக்கி துடைப்பார்கள். குறுகலான புகைபோக்கிக்குள் பெரியவர்கள் நுழைய முடியாது. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள்தான் முழங்காலாலும் முதுகாலும் உந்தி உந்தி மேலே ஏற வேண்டும். மூச்செல்லாம் கரி. மேலே போய்ச் சேர்ந்ததும் கூரைக்கு வெளியே தலையை நீட்டிக் கூவுவார்கள்.

பெரியவர்கள் விறகு அறுப்பார்கள். கத்திக்குச் சாணை பிடிப்பார்கள். செருப்புக்கு மெருகு போடுவார்கள். கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நாணயமானவர்கள் என்று பெயர் வாங்கியிருந்தார்கள்.

வேறு சிலர் வேடிக்கை காட்டிப் பிழைத்தார்கள். நம் கிழவர் அந்த ரகம். அவர் முதுகில் இருப்பது படப்பெட்டி! பெட்டியில் ஒரு ஓட்டை இருக்கும். அதில் ஒரு கண்ணாடி பதித்திருக்கும். காசு கொடுத்துவிட்டுக் கண்ணை வைத்துப் பார்த்தால், உள்ளே அரண்மனை தெரியும். தூரதேசத்து நகரம் தெரியும். திருவிழாவில் "பயாஸ்கோப்" என்று ஒரு பெட்டி காட்டுவார்களே, அதற்குப் பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சின்னப் பெட்டி எதற்கு?

அதில்தான் அவருடைய கூட்டாளி இருக்கும். மார்மோட் என்ற பிராணி. அணில் சாதிதான், ஆனால் கொழுத்த பூனை அளவு இருக்கும். ஆல்ப்ஸ் மலைமேல் வளை தோண்டி வாழும். குளிர்காலம் வந்தால் வளைக்குள் சுருண்டு படுத்து, ஆறு மாதம் வரை தூங்கும்! அப்படித் தூங்கும்போது தோண்டி எடுத்துவிடுவார்கள். பழக்கினால் பின்னங்கால்களில் நிற்கும். குழல் ஊதினால் ஆடும். பாரீஸ் குழந்தைகள் கூடிவிடுவார்கள்.

பனிக்குப் பயந்து மார்மோட் தூங்குகிறது. அதே பனிக்குப் பயந்து மனிதன் ஊரை விட்டு ஓடுகிறான். ஓடுகிறவன், தூங்குகிறதையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறான்!

இந்தக் குளிர்காலப் பிழைப்பு நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 1780-களில் பாரீஸ் வாழ்க்கையைப் பற்றிப் பல பாகங்கள் எழுதிய மெர்சியே என்பவர், இந்தச் சவாய்க்காரர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி மிச்சம் பிடித்து, ஊரில் உள்ள ஏழைப் பெற்றோருக்குப் பணம் அனுப்பினார்களாம். வயதானவர்கள் சின்னப் பையன்களைக் கண்காணித்து வளர்த்தார்களாம். பிற்காலத்தில் இசை மேதை பேத்தோவன் கூட, மார்மோட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்த் திரியும் பையனுக்கு ஒரு பாட்டுக்கு இசை அமைத்திருக்கிறார். பாட்டை எழுதியவர் ஜெர்மன் மகாகவி கேத்தே.

ஓடு வேய்பவர் மகன்

இப்போது வரைந்தவரைப் பார்ப்போம்.

வாத்தோ பிறந்தது 1684-ம் ஆண்டு. ஊர் வலான்சியேன். பிரான்சின் வடக்கு எல்லையில் இருக்கிறது. வாத்தோ பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பிரெஞ்சுப் படை அதைப் பிடித்தது. தகப்பனார் வீட்டுக் கூரைகளுக்கு ஓடு வேய்பவர்.

பையனுக்குப் படம் வரைவதில் பைத்தியம். சந்தைத் திடலுக்குப் போவான். அங்கே மருந்து விற்கிற பித்தலாட்டக்காரர்கள் கூத்து காட்டிக் கூட்டம் சேர்ப்பார்கள். அவர்களை உட்கார்ந்து வரைவான். தெரு மனிதர்களை வரையும் பழக்கம் அன்றைக்கே வந்துவிட்டது.

சுமார் 1702-ம் ஆண்டில், கையில் காசு இல்லாமல் வாத்தோ பாரீஸ் வந்து சேர்ந்தார். அப்போது வயது 18 இருக்கும்.

பாரீஸில் நோத்ருதாம் பாலத்தின் மேல் கடைகள் இருந்தன. அங்கே ஒரு பட வியாபாரி. மலிவு விலைச் சாமி படங்களை டஜன் கணக்கில் செய்து விற்பவர். அவரிடம் வேலை கிடைத்தது. வேலை எப்படி நடக்கும் தெரியுமா? ஒருவர் வானத்தை மட்டும் போடுவார். ஒருவர் தலையை மட்டும் போடுவார். இன்னொருவர் துணியை மட்டும். படம் கைமாறிக் கைமாறிப் போகும். தொழிற்சாலைதான்!

வாத்தோவுக்கு எல்லாம் தெரியும். ஆகவே முழுப் படத்தையும் அவர் தலையில் கட்டினார்கள். கூலி, வாரத்துக்கு 3 லிவர். தினமும் சூப்பு உண்டு.

நிக்கோலஸ் என்ற கிறிஸ்தவ மகான் படத்துக்கு நல்ல கிராக்கி. அதையே திரும்பத் திரும்ப வரைந்தார். மாதிரிப் படம் இல்லாமலே வரையும் அளவுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

இன்னொரு படம், மூக்குக் கண்ணாடி போட்ட கிழவி. ஒரு நாள் வாத்தோ மாதிரிப் படத்தை வாங்க வரவே இல்லை. மத்தியானம் ஆயிற்று. வேலையே செய்யாமல் இருக்கிறான் என்று மேல்மாடியைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள். வாத்தோ இறங்கி வந்தார். படம் முடிந்துவிட்டது, மூக்குக் கண்ணாடியை எங்கே வைப்பது என்று பார்க்கத்தான் வந்தேன் என்றாராம்! இந்தக் கதையை எழுதி வைத்தவர் அவருடைய நண்பர் கெய்லுஸ் பிரபு.

கல்லா, கட்டியா?

வாத்தோ கையில் பிடித்த கட்டி எது என்று பல பேருக்குச் சந்தேகம் வரும். பள்ளிக்கூடத்துச் சாக்குக் கட்டி போன்றதா?

இல்லை. அது பூமியில் வெட்டி எடுத்தது. சிவப்புக் கட்டி, காவிக்கல். இரும்புத் துரு கலந்த களிமண்தான் அது. கறுப்புக் கட்டி, கரி கலந்த ஒரு மெல்லிய பாறை. அவற்றை நீள நீளமாக அறுத்து, பித்தளைப் பிடியில் செருகி எழுதுவார்கள். வெள்ளைக்குச் சுண்ணக் கட்டி. மூன்றையும் சேர்த்து வரைவது பிரெஞ்சு ஓவியர்களுக்குக் கைவந்த கலை. நம் கிழவர் படத்தில் சிவப்பும் கறுப்பும் மட்டுமே உண்டு.

இதில் ஒரு சங்கடம். காவிக் கட்டியால் போட்ட கோட்டை லேசில் அழிக்க முடியாது. தேய்த்தால் காகிதத்தில் கறை படியும். ஆகவே போடும்போதே சரியாகப் போட வேண்டும். சிற்சில இடங்களில், சுருட்டிய காகிதத்தாலோ தோலாலோ தேய்த்துக் கோட்டை மெழுகிவிடலாம். நிழல் கிடைக்கும். கிழவர் படத்திலும் அப்படித் தேய்த்த இடங்கள் இருக்கின்றன.

வாத்தோவின் கெட்டிக்காரத்தனம், இரண்டு கட்டிகளையும் கலந்த விதத்தில் இருக்கிறது. முகத்துக்கும் கைக்கும் சிவப்பு. துணிக்கும் நிழலுக்கும் கறுப்பு. கன்னத்தில் நாலு சிவப்புக் கோடு போட்டால், அடியில் ரத்தம் ஓடுகிறது என்று நமக்குத் தோன்றிவிடும். வெறும் மண்கட்டி!

காவிக் கட்டியில் இன்னொரு லாபமும் உண்டு. ஈரக் காகிதத்தை மேலே வைத்து அழுத்தினால், அதே உருவம் இடம் வலமாக மாறிப் பதியும். ஒரு படம் இரண்டு ஆகிவிடும். வாத்தோ இப்படியும் நிறைய எடுத்தார்.

தினமும் வரைவார். வரைந்ததை எல்லாம் கட்டுப் போட்ட புத்தகங்களில் வைத்துக்கொள்வார். பெரிய ஓவியம் தீட்டும்போது, புத்தகத்தைப் புரட்டி, இந்தப் பெண் இங்கே, அந்த ஆள் அங்கே என்று பொறுக்கி எடுத்துக்கொள்வார். நாடக உடுப்புகள் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தார். நிற்கச் சம்மதித்த நண்பர்களுக்கு அவற்றை மாட்டிவிட்டு வரைவார்.

ஆனால் சவாய்க்காரர்களுக்கு அவர் எந்த உடுப்பும் மாட்டவில்லை. அவரவர் கந்தலோடு, அவரவர் பெட்டியோடு நிறுத்தினார். இந்தக் கிழவர் மட்டும் அல்ல. வேறு சில சவாய்க்காரர்களையும் கட்டிகளால் வரைந்திருக்கிறார். மார்மோட்டோடு நிற்கும் ஓர் இளைஞனைச் சுமார் 1716-ம் ஆண்டில் எண்ணெய் வர்ணத்திலும் தீட்டினார். அந்த ஓவியம் இப்போது ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து எர்மிட்டாஜ் கலைக்கூடத்தில் இருக்கிறது.

அரசர் 9 அடி, கிழவர் 14 அங்குலம்

அந்தக் காலத்தில் ஓவியங்களுக்கும் சாதி இருந்தது! புராணக் கதையும் சரித்திரமும் வரைபவர் மேல்வரிசை. தெரு மனிதர்களை வரைபவர் கீழ்வரிசை. பிரெஞ்சு ஓவியக் கழகத்தின் கணக்கு அது.

ரிகோ என்ற பெரிய ஓவியர், 1701-ம் ஆண்டில் பிரெஞ்சு அரசர் 14-ம் லூயியைத் தீட்டினார். அந்தப் படத்தின் உயரம் 9 அடி. தோளில் இருந்து தரை வரை புரளும் அங்கி. சிவப்புக் குதிகால் செருப்பு. அதற்கு எதிரே நம் கிழவரின் 14 அங்குலக் காகிதத்தை நினைத்துப் பாருங்கள்.

அந்த அரசர் 1715-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி இறந்தார். 72 ஆண்டு ஆண்டவர். கிழவர் படம் பிறந்ததும் ஏறக்குறைய அதே சமயம்தான்.

கிழவரை வாத்தோ கேலி செய்யவில்லை. "ஐயோ பாவம்" என்று அழவும் விடவில்லை. அந்தக் காலத்துப் படங்களில் ஏழை வந்தால், பெரும்பாலும் சிரிக்க வைக்க வருவான். அல்லது கை நீட்ட வருவான். இவர் இரண்டும் செய்யவில்லை. பாரத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறார். நாம் பார்க்கிறோம், அவரும் நிற்கிறார். என்னைக் கேட்டால், 9 அடி அரசரை விட இந்தக் கிழவரிடம்தான் அதிக நேரம் நிற்கத் தோன்றும்.

இரண்டு படத்துக்கு ஒரு டோப்பா

வாத்தோ பிறகு பெரிய ஆளாகிவிட்டார். ஓவியக் கழகம் 1712-ம் ஆண்டில் அவரை ஏற்றது. 1717-ம் ஆண்டில் முழு உறுப்பினர் ஆனார். பட்டுடுத்திய ஆண்களும் பெண்களும் தோட்டத்தில் பாடிப் பேசி மகிழும் காட்சிகளை வரைந்தார். பணக்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். குரோசா என்ற கோடீசுவரர் தம் மாளிகையிலேயே இடம் கொடுத்தார்.

ஆனால் வாத்தோவுக்குப் பணத்தைக் காக்கத் தெரியாது. ஒரு டோப்பா தயாரிப்பவர், அசல் முடி போலவே ஒரு டோப்பா கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் வசதியுள்ள ஆண்கள் டோப்பா அணிவார்கள். வாத்தோவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அதற்கு விலையாக இரண்டு ஓவியங்களைத் தூக்கிக் கொடுத்தார்! கொடுத்த பிறகும் மனம் ஆறவில்லை. அந்த ஆளை ஏமாற்றிவிட்டோமோ, இன்னும் ஒரு படம் கொடுக்க வேண்டுமோ என்று கவலைப்பட்டாராம். கெய்லுஸ் பிரபு சொல்லும் கதை இது.

இப்படி இருந்தால் எதிர்காலத்தில் என்ன செய்வாய் என்று நண்பர்கள் கேட்டார்கள். கடைசியில் தர்ம ஆஸ்பத்திரி இருக்கிறதே, அங்கே யாரையும் விரட்டுவதில்லையே என்று பதில் சொன்னாராம்.

வேடிக்கையாகச் சொன்ன பதில் அல்ல அது. அவருக்குக் காசநோய். இருமி இருமி உடம்பு கரைந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் நிலையாக இருக்க மாட்டார். மாளிகையை விட்டு வெளியேறினார். வீடு மாறிக்கொண்டே இருந்தார். சவாய்க் கிழவரைப் போல அவரும் ஒரு நாடோடிதான்.

1719-ம் ஆண்டில் லண்டன் போனார். ரிச்சர்ட் மீட் என்ற பெயர் பெற்ற வைத்தியர் அங்கே இருந்தார். அவருக்கும் படங்கள் வரைந்து கொடுத்தார். நோய் குறையவில்லை. லண்டன் குளிரில் அதிகம் ஆயிற்று. 1720-ம் ஆண்டில் பாரீஸுக்கே திரும்பி வந்தார்.

ஜெர்செயின் என்ற நண்பருக்கு நோத்ருதாம் பாலத்தில் படக்கடை இருந்தது. ஆம்! எந்தப் பாலத்தில் வாரம் 3 லிவர் கூலிக்கு வேலை செய்தாரோ, அதே பாலம்! "விரல் விறைத்துக் கிடக்கிறது, உன் கடைக்கு ஒரு பெயர்ப்பலகை வரைந்து தருகிறேன்" என்ற பொருளில் வாத்தோ கேட்டார். காலை வேளைகளில் மட்டும் உட்கார்ந்து, எட்டே நாளில் முடித்தார். பாதி நாள் உழைக்கத்தான் உடம்பில் தெம்பு இருந்தது.

அந்தப் பலகை 15 நாள்தான் கடை வாசலில் தொங்கியது. விலை கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது பெர்லின் நகரத்து சார்லட்டன்பர்க் அரண்மனையில் இருக்கிறது. அதில் ஒரு மூலையைக் கவனியுங்கள். கடைச் சிப்பந்திகள் ஒரு படத்தைப் பெட்டிக்குள் இறக்குகிறார்கள். யார் படம்? செத்துப்போன அரசர் 14-ம் லூயியின் படம்!

1721-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி, பாரீஸுக்குப் பக்கத்தில் நோஷான் என்ற ஊரில் வாத்தோ இறந்தார். வயது 36. ஜெர்செயின் கைகளில் உயிர் பிரிந்தது.

நாலு நண்பர்கள்

அவர் விட்டுப்போன சொத்து என்ன? காகிதங்கள்தான். அந்த வரைபடங்களை நாலு நண்பர்கள் பிரித்துக்கொண்டார்கள்.

நாலு பேரில் ஒருவர் ழுல்லியேன். துணிக்குச் சாயம் போடும் ஆலை வைத்திருந்தவர். இந்தக் காகிதங்கள் சிதறிப் போனால் என்ன ஆகும் என்று அவருக்குக் கவலை வந்தது. சொந்தப் பணத்தைப் போட்டார். செதுக்குக்காரர்களை அமர்த்தி, வரைபடங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கச் செய்து அச்சடித்தார். 1720-களில் இரண்டு பாகமாகப் புத்தகம் வந்தது. மொத்தம் சுமார் 350 படங்கள். செதுக்கியவர்களில் ஒருவர் பூஷே என்ற இளைஞர். நூற்றுக்கு மேற்பட்ட படங்களை அவர் செதுக்கினார். பின்னாளில் அவரே அரசரின் முதல் ஓவியர் ஆனார்.

ழுல்லியேன் பயந்தது வீண் அல்ல. வாத்தோவின் எண்ணெய் ஓவியங்கள் பல கெட்டுப்போய்விட்டன. அவருக்கு அவசரம் அதிகம். பலகையைக் கழுவ மாட்டார். எண்ணெய்க் கிண்ணத்தில் தூசியும் பழைய வர்ணமும் மிதக்கும். அதையே தொட்டுத் தீட்டுவார். அதனால் வர்ணம் கறுத்தது, வெடித்தது. மண்கட்டிக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அழுக்கான எண்ணெயே அதற்கு வேண்டியதில்லையே! கட்டியால் வரைந்தவை அன்று போட்டது போலவே பல இருக்கின்றன.

இன்று வாத்தோ கை பட்டது எதுவானாலும் பெரிய விலை. அவருடைய ஓர் ஓவியம் சுமார் 200 ஆண்டு காலம் காணாமல் கிடந்தது. இங்கிலாந்தில் ஒரு கிராமத்து மாளிகையில், கூடத்து மூலையில் தொங்கியதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். 2008-ம் ஆண்டு லண்டனில் ஏலம் விட்டார்கள். 1 கோடியே 23 லட்சம் பவுனுக்கு மேல் போயிற்று!

சிகாகோக் கிழவருக்கு இனி ஏலம் இல்லை, அலைச்சல் இல்லை. ஆனால் ஒரு பகை உண்டு. அது வெளிச்சம்! பழைய காகிதத்தில் வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் பழுத்துப் போகும். அதனால் இத்தகைய படங்களைச் சில மாதங்கள் மட்டும், மங்கலான விளக்கில் சுவரில் மாட்டுவார்கள். பிறகு கழற்றி, இருட்டு அறையில் அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார்கள். அடுத்த முறை எடுக்கும் வரை, பெட்டி சுமந்த கிழவர் பெட்டிக்குள்ளே நிற்பார்.